டிலனாய் பற்றிப் பள்ளிக் கண்காட்சிக்கு ஆறு பலகை: எது சரி, எது கதை?

வேளிமலை அடிவாரம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியின் வரலாற்று மன்றத்துக்காகக் கேட்கிறேன். ஜூலை 31 குளச்சல் வெற்றி நாளை ஒட்டி, குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்று, பிறகு அவர் படைக்கே தலைவரான டிலனாய் பற்றி ஆறு பலகை வைக்கிறோம். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 2 அடி பிளக்ஸ். கூடவே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 45 பேருக்கு ஒரு நாள் பயணமும் உண்டு.

பிள்ளைகள் எழுதிக் கொண்டுவந்த வரைவில் இருப்பவை: "டச்சுக் கடற்படை அட்மிரல் டிலனாய், 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சல் கடலில் நடந்த போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார். மன்னிப்புக் கேட்டு, தளபதி ஆனார். உதயகிரிக் கோட்டையைக் கட்டினார். திப்பு சுல்தானைத் தோற்கடித்தார்." ஒவ்வொரு வரியிலும் எனக்குச் சந்தேகம்.

கல்லறைக் கல்வெட்டைத் தமிழில் ஒரு பலகையாக வைக்க ஆசை. பிள்ளைகள் சாக்பீஸ் தேய்த்துப் படி எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பயணத்தை எந்த வரிசையில் போடலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்க அண்ணாச்சி.


ஓலைக்கட்டு எழுதியது:

வரைவில் இருக்கும் நான்கு வாக்கியத்தில் ஒன்றுகூட அப்படியே பலகைக்குப் போகக் கூடாது. வரிசையாகப் பார்ப்போம்.

அட்மிரல் என்பதை முதலில் அடியுங்கள். யூஸ்டேஷியஸ் பெனடிக்டஸ் டிலனாய் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளப் படையில் இருந்தவர். குளச்சல் நேரத்தில் வயது 26 சொச்சம். அந்த வயதில், அந்தக் கம்பெனியில், அட்மிரல் கிடையாது. திருவிதாங்கூரில் பின்னாளில் அவருக்குக் கிடைத்த பட்டம் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன். அந்தக் 'கேப்டன்' பின்னோக்கிப் போய் 1741-இலேயே அவர் தலையில் உட்கார்ந்துவிட்டது என்பது என் கணிப்பு. கேப்டன் வளர்ந்து கமாண்டர் ஆகி, கமாண்டர் வளர்ந்து அட்மிரல் ஆகிவிட்டார். சுற்றுலாத் துண்டறிக்கை ஒவ்வொன்றும் ஒரு பதவி உயர்வு கொடுத்திருக்கிறது.

'டச்சுக்காரர்' என்பதும் முழுக்கச் சரியில்லை. குடும்பம் பிளெமிஷ், பிறந்த ஊராகச் சொல்லப்படும் அராஸ் இன்றைய வடக்கு பிரான்ஸில் இருக்கிறது. மதத்தால் கத்தோலிக்கர், கம்பெனியோ புராட்டஸ்டன்ட் நாட்டுக் கம்பெனி. "டச்சுக் கம்பெனிப் படையில் இருந்த" என்று எழுதினால் தப்பு வராது. இந்தக் கத்தோலிக்க விஷயம் பின்னால், அவரோடு பழகிக் கிறிஸ்தவரான தேவசகாயம் கதைக்கும் வேண்டும், விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது "குளச்சல் கடலில் நடந்த போர்". அது கடற்போர் இல்லை. கப்பல்கள் வந்தது உண்மை. 1740 நவம்பரிலேயே கரையைப் பீரங்கியால் சுட்டுப் பார்த்தார்கள். 1741 பிப்ரவரியில் பெரிய கப்பல்களோடு வந்து இறங்கினார்கள். தேங்காப்பட்டணம், மிடாலம், குளச்சல், கடியப்பட்டணம் என்று கரையோரம் முழுக்கக் கை வைத்து, இரணியல் வரை உள்ளே வந்தார்கள். குறி பத்மநாபபுரம், அப்போது அதுதான் தலைநகர். ஆனால் முடிவு தரையில், முற்றுகையில் வந்தது.

டச்சுக்காரர்கள் ஏன் தோற்றார்கள் என்பதற்கு ஒரு பலகை முழுக்கக் கொடுங்கள், கதையின் சாரமே அங்கேதான் இருக்கிறது. குளச்சலில் அவர்கள் கட்டியது மரக்கட்டை அடைப்பு. உள்ளே இருந்த ஆட்கள் குறைவு. சோறும் மருந்தும் ஆளும் கடல் வழியாகத்தான் வரவேண்டும். இலங்கையில் இருந்த டச்சு அரசு, ஜாவாவில் கம்பெனியின் தலைமையிடமான பத்தாவியாவிடம் (இன்றைய ஜகார்த்தா) ஆள் கேட்டது. பத்தாவியாவிலோ 1740 அக்டோபரில் சீனர்கள் படுகொலை நடந்து, அதைத் தொட்டு ஜாவா முழுக்கப் போர். அனுப்ப ஆளில்லை. அதற்குள் தென்மேற்குப் பருவம் பிடித்துக்கொண்டது. ஆனி ஆடியில் குளச்சல் கடல் எப்படி இருக்கும் என்று நம்மூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அன்றைக்குத் தூண்டில் வளைவும் இல்லை, துறைமுகச் சுவரும் இல்லை, திறந்த கடல். இதற்கு மேல், ஆகஸ்ட் முதல் வாரத்தில் திருவிதாங்கூர்ப் பீரங்கிக் குண்டு ஒன்று உள்ளே இருந்த வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து தீப்பிடித்தது. அந்தத் தீயில் அரிசி இருப்பு எரிந்து போனது. அடுத்த ஓரிரு நாளில் சரணடைந்தார்கள். வீரம் இல்லாமல் இல்லை, ஆனால் கணக்குப் பார்த்தால் அரிசியும் காற்றும் பாதி வேலையைச் செய்திருக்கின்றன.

பனந்தடிகளை மாட்டுவண்டியில் வைத்துப் பீரங்கி மாதிரி காட்டியது, முக்குவர்கள் (கரையோர மீனவர்கள்) துடுப்பைத் தோளில் சாய்த்துத் துப்பாக்கிப் படை மாதிரி நின்றது, இவையெல்லாம் வாய்மொழி. வேண்டாம் என்று சொல்லவில்லை. "கரையோர மக்கள் சொல்வது" என்று தனிக் கட்டம் போட்டு எழுதுங்கள். முக்குவர்கள் மன்னருக்கு உதவினார்கள் என்பதை மட்டும் மேலே, வரலாற்றுப் பக்கத்திலேயே வைக்கலாம்.

தேதி. ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட் ஜூலை 31-ஐக் குளச்சல் நாளாகக் கொண்டாடுகிறது. புத்தகங்களில் ஆகஸ்ட் 10. டச்சுப் பக்கக் கணக்கில் சரணடைந்தது ஆகஸ்ட் 7. "பழைய காலண்டர், புதிய காலண்டர் வித்தியாசம்" என்று இதைச் சமாளிப்பார்கள். கூட்டிப் பாருங்கள்: 18-ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 11 நாள். ஜூலை 31-உடன் 11 கூட்டினால் ஆகஸ்ட் 11 வரும், 10 வராது. அதோடு டச்சுக்காரர்கள் அதற்கு முன்பே புதிய காலண்டருக்கு மாறியவர்கள். எனவே பலகையில் "1741 ஆகஸ்ட் முதல் பாதி" என்று போட்டு, ஜூலை 31 நினைவு நாள் என்று மட்டும் குறிப்பிடுங்கள்.


கோட்டைச்சுவர் எழுதியது:

போரை மேலே சொல்லியாச்சு. நான் கோட்டைக்கும் கல்லறைக்கும் வருகிறேன்.

"உதயகிரிக் கோட்டையைக் கட்டினார்" என்றால் பாதி சரி. புலியூர்க்குறிச்சியில் அதற்கு முன்பே வேணாட்டு (திருவிதாங்கூரின் பழைய பேர்) அரசர் காலத்துக் கோட்டை இருந்தது. 1741-44 வாக்கில் மார்த்தாண்ட வர்மா அதைப் புதுப்பித்துக் கட்டியபோது மேற்பார்வை டிலனாய். மக்கள் வாயில் 'டிலனாய்க் கோட்டை' என்றே பேர் நின்றது. சுமார் 90 ஏக்கர், நடுவில் 260 அடி உயரத்துக்கு ஒரு தனிக்குன்று, அதைச் சுற்றிக் கருங்கல் மதில். மதில் சுமார் 18 அடி உயரம், அதில் மேலே உள்ள கைப்பிடிச் சுவர் மட்டும் மூன்றரை அடி. பருமன் 15 அடி அளவுக்கு வரும். உயரத்தை விடப் பருமனைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். உயரமான மெல்லிய சுவர் ஏணி வைத்து ஏறுகிறவனைத் தடுக்கும், பீரங்கிக் குண்டுக்கு உடைந்து விழும். தாழ்வாக, தடியாக, மேலே பீரங்கியும் ஆளும் நகர இடம் விட்டுக் கட்டினால் குண்டு பட்டாலும் நிற்கும். கோணங்களில் துருத்தி நிற்கும் கொத்தளத்தில் நின்று பார்த்தால் இரண்டு பக்க மதிலின் அடிவாரமும் தெரியும். எதிரி சுவரை ஒட்டி ஒளிந்துகொள்ள முடியாது. ஐரோப்பியப் பாணி என்பது இந்த இரண்டு விஷயம்தான், அலங்காரம் அல்ல. கோட்டைக்குள்ளேயே பீரங்கி வார்க்கும் பட்டறையும் இருந்தது.

வட்டக்கோட்டையையும் அவர் 'கட்டியதாக' எழுதுவார்கள். அங்கேயும் புதுப்பித்ததுதான். சுமார் மூன்றரை ஏக்கர், கடலை ஒட்டிய கருங்கல் கோட்டை. பாண்டியர் மீன் சின்னம் அங்கே இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

கல்லறை உதயகிரிக்குள்ளே, கூரை போன ஒரு சிற்றாலயத்தில். டிலனாய், மனைவி மார்கரெட், மகன் ஜான் மூவரும் அங்கேதான். மகன் 1765-இல் களக்காட்டுச் சண்டையில் இறந்தவர், இருபதைத் தாண்டாத வயது. எழுத்து லத்தீனிலும் தமிழிலும் உண்டு. லத்தீன் பகுதியின் பொருள் இது, பலகைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"வழிப்போக்கனே, நில்! இங்கே உறங்குபவர் யூஸ்டேஷியஸ் பெனடிக்டஸ் டிலனாய். திருவிதாங்கூர்ப் படையின் பொதுத் தலைவராக இருந்து, ஏறக்குறைய முப்பத்தேழு ஆண்டுகள் மிகுந்த விசுவாசத்துடன் அரசருக்கு ஊழியம் செய்தார். காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள அரசுகள் அனைத்தையும் ஆயுத வலிமையாலும் அச்சத்தாலும் அவருக்கு அடிபணியச் செய்தார். 62 ஆண்டும் ஐந்து மாதமும் வாழ்ந்து, 1777 ஜூன் முதல் நாள் இறந்தார். அமைதியில் இளைப்பாறுக."

இதில் பிள்ளைகளுக்கு இரண்டு கணக்கு இருக்கிறது. 1777 ஜூன் 1-இலிருந்து 62 ஆண்டு 5 மாதம் கழித்தால் 1714 முடிந்து 1715 பிறக்கும் தறுவாய் வரும். 1715 டிசம்பர் என்று போட்டிருக்கும் புத்தகங்கள் கல்லோடு ஒரு வருடம் ஒத்துப்போகாது. இரண்டாவது, 1741 ஆகஸ்ட் முதல் 1777 ஜூன் வரை எண்ணினால் 36 கூட முழுசாக ஆகவில்லை, கல்லிலோ 'ஏறக்குறைய 37'. முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் சேர்த்து எண்ணினால் 37 வரும். கல்வெட்டு என்றாலே கணக்கு துல்லியம் என்று நினைக்கக் கூடாது என்பதற்கு நல்ல உதாரணம்.

படி எடுப்பது: வேண்டவே வேண்டாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், சேதப்படுத்தினால் சட்டப்படி சிறைத் தண்டனை வரை உண்டு. சட்டம் இருக்கட்டும், கல்லுக்கே கேடு. சாக்பீஸ் தூள் எழுத்தின் குழியில் இறங்கினால் மழையில் கரைந்து கல்லின் நுண்துளைக்குள் போய் வெள்ளை பூக்கும். அரிசிமாவு தடவினால் எறும்பும் பாசியும் வரும். தேங்காயெண்ணெய் தடவினால் கறுத்துவிடும், பிறகு எடுக்க முடியாது. இதற்குப் பதில் வெளிச்சம் போதும். கூரை இல்லாததால் நண்பகலில் வெயில் நேர் மேலே அடித்து எழுத்து மொட்டையாகத் தெரியும், போட்டோ வீண். காலை ஒன்பது மணிக்குள் அல்லது மாலை நாலுக்கு மேல் எடுங்கள். நடுப்பகலில்தான் போக முடியும் என்றால் இரண்டு பேர் கறுப்புக் குடையைப் பிடித்து நிழல் போடட்டும், மூன்றாமவர் கைவிளக்கைக் கல்லின் மட்டத்துக்குக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து ஒரு பக்கமிருந்து அடிக்கட்டும். கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் நாலு பக்கமும் மாற்றி நாலு படம். ஒரு படத்தில் மறைந்த கோடு இன்னொன்றில் எழும். கடைசியில் ஒரு அடி அளவுகோலை ஓரமாக வைத்து ஐந்தாவது படம்.

பயணம் நாகர்கோவிலில் இருந்து என்றால் முதலில் குளச்சல் வெற்றித் தூண், காலை எட்டரைக்குள். வெயில் ஏறினால் கடற்கரை மணலில் 45 பிள்ளைகளை நிறுத்த முடியாது. அங்கிருந்து இரணியல் வழியாகத் தக்கலை. டச்சுப் படை உள்ளே வந்த திசையும் அதுதான், பஸ்ஸிலேயே வரைபடத்தைக் காட்டுங்கள். பத்தரைக்கு உதயகிரி. அது இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவும்கூட என்பதால் வாசலில் சீட்டு எடுக்க வேண்டும். கல்லறைக்கு ஒரே நேரத்தில் 15 பேருக்கு மேல் விடாதீர்கள், மீதிப் பேரை மதில் பக்கம் அனுப்புங்கள்.

பலர் சறுக்குவது பத்மநாபபுரத்தில். அரண்மனை நம்ம மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையிடம். திங்கட்கிழமை விடுமுறை. பகல் ஒன்று முதல் இரண்டு வரை சீட்டு கிடையாது. பன்னிரண்டே முக்காலுக்குப் போய் நின்றால் ஒரு மணி நேரம் வாசலில் காய வேண்டியதுதான். சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டு மணிக்குப் போங்கள். டிலனாய் சரணடையும் படம் அங்கே இருக்கிறது, பிள்ளைகள் அதை நம்பித்தான் அட்மிரல் என்று எழுதியிருப்பார்கள். வட்டக்கோட்டையை அன்றே சேர்க்காதீர்கள். கன்னியாகுமரிக்கும் அந்தப் பக்கம், பஸ் போய்ச் சேரும்போது பொழுது போய்விடும்.


வேளிமலை அடிவாரம்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. திப்பு விஷயத்தை யாரும் தொடவில்லையே? பிறகு, தேவசகாயத்துக்குத் தனிப் பலகை கொடுக்கலாமா, அல்லது இதிலேயே ஒரு ஓரத்தில் போடலாமா?


ஆரல்காற்று எழுதியது:

திப்புவைத் தோற்கடித்தார் என்பது நடக்க முடியாத காரியம். திப்பு நெடுங்கோட்டையைத் தாக்கியது 1789 டிசம்பர் 29. டிலனாய் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனால் அந்த அரண் அவர் மேற்பார்வையில் எழுந்தது, அந்தத் தொடர்பை விடக் கூடாது.

நெடுங்கோட்டை நம்ம பக்கம் இல்லை, கொச்சிக்கு வடக்கே. மேற்கே கிருஷ்ணன்கோட்டையில் தொடங்கிக் கிழக்கே மலைவரை சுமார் 30 மைல். மண்ணும் களிமண்ணும் அடித்து எழுப்பிய அரண், சில இடங்களில் செம்பாறைக்கல். வடக்குப் பக்கம் 16 அடி அகலம், 20 அடி ஆழத்தில் அகழி. அகழி ஓரம் மூங்கிலும் முள்ளும். 1760-களில், கார்த்திகைத் திருநாள் ராம வர்மா காலத்தில், வடக்கே மைசூர்ப் பயம் வந்த பிறகு செய்த வேலை. முதல் தாக்குதலில் திப்புவின் படை உள்ளே புகுந்தும் தோற்றதற்குக் காரணம் இடுக்கு. அரணுக்கும் அகழிக்கும் நடுவே பெரும்படை நெருங்கி நின்றது, பக்கத்தில் இருந்து சிறு கூட்டம் சுட்டதும் பின்வாங்க இடமில்லாமல் ஒருவர் மேல் ஒருவர் அகழியில் விழுந்தார்கள். 1790-இல் அவர் பெரிய பீரங்கிகளோடு திரும்பி வந்து அதே அரணை உடைத்தார். மண் அரண் நேரம் வாங்கித் தரும், நிரந்தரமாகத் தடுக்காது. தெற்கில் ஆரல்வாய்மொழி அரணுக்கும் அதே கதி. 1809 பிப்ரவரி 10-இல், வேலுத்தம்பி தளவாய் கலகத்தின்போது, ஆங்கிலேயர் அதைக் கடந்துவிட்டார்கள். உதயகிரியும் பத்மநாபபுரமும் அடுத்தடுத்துக் கையை விட்டுப் போயின.

தேவசகாயத்துக்குத் தனிப் பலகை கொடுங்கள், ஓரத்தில் ஒதுக்காதீர்கள். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, பிறப்பு 1712 ஏப்ரல் 23. அரண்மனைப் பணியில் இருந்தவர். டிலனாயோடு பழகித்தான் கிறிஸ்தவத்தை அறிந்தார். 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். அந்த ஊர் இன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம், பிள்ளைகள் குமரி என்று எழுதிவிடுவார்கள். 1749-இல் கைது, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில். 2012 டிசம்பர் 2-இல் அருளாளர், 2022 மே 15-இல் புனிதர்.

இந்தப் பலகையில் ஒரு வரி அவசியம் வரவேண்டும்: நண்பர் கொல்லப்பட்ட பிறகும் டிலனாய் அதே அரசுக்கு இருபத்தைந்து வருடம் வேலை செய்தார். ஏன் என்று நாம் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. கேள்வியை அப்படியே விடுங்கள், பிள்ளைகள் அங்கேதான் நின்று பேசுவார்கள்.

இன்னொன்று. "தோற்றார், மன்னிப்புக் கேட்டார், தளபதி ஆனார்" என்ற வரி ஒரே நாளில் நடந்தது மாதிரி இருக்கிறது. கைதியாக வந்தவர் முதலில் பயிற்சி கொடுக்கிறவர். வரிசையாக நிற்பது, ஒரே சமயத்தில் சுடுவது, ஒரு வரிசை மருந்து திணிக்கும்போது அடுத்த வரிசை சுடுவது. தனி ஆளாக வாள் வீசிப் பழகியவர்களுக்கு இதைப் பழக்குவதுதான் கஷ்டம், துப்பாக்கி வாங்குவது அல்ல. பிறகு காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று பக்கத்து அரசுகள் ஒவ்வொன்றாக விழுந்தபோதுதான் பதவி ஏறியது. கல்வெட்டில் "ஆயுத வலிமையாலும் அச்சத்தாலும்" என்று இருப்பதைப் பிள்ளைகள் மெருகேற்ற வேண்டாம். விழுந்த ஊர்க்காரர்களுக்கு அவர் வேறு ஆள். உதயகிரி மதிலின் கருங்கல்லைச் சுமந்தது யார் என்றும் ஒரு வரி போடுங்கள். ஊழியம் என்ற கூலியில்லா வேலை திருவிதாங்கூரில் சட்டமாக இருந்த காலம் அது.


ஓலைக்கட்டு:

கொல்லம் ஆண்டையும் (திருவிதாங்கூரில் வழங்கிய ஆண்டுக் கணக்கு) சேர்த்துப் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் 825 கழிப்பார்கள். ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிய வரும் தேதிக்கு 824 தான் கழிக்க வேண்டும். குளச்சல் ஆடி மாதம், எனவே 1741 கழித்தல் 825, கொல்லம் 916. ஒரு வாரம் தள்ளியிருந்தால் 917 ஆகியிருக்கும். டிலனாய் இறந்தது 952. மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்த திருப்படித்தானம் 925 மகரம் 5, அதாவது 1750 ஜனவரி.

பேரையும் ஆறு பலகையிலும் ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள். டிலனாய், டெலனாய், டி லனோய் மூன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு பலகையில் ஒன்று, அடுத்ததில் இன்னொன்று என்று போட்டால் பார்க்கிறவர்கள் மூன்று ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.


கோட்டைச்சுவர்:

பிளக்ஸ் அடிக்கக் கொடுக்கும் முன் எழுத்தளவைப் பாருங்கள் மக்கா. 3 அடிக்கு 2 அடியில் 120 வார்த்தைக்கு மேல் ஏற்றினால் நின்று யாரும் படிக்க மாட்டார்கள். கல்லறைப் பலகையில் மொழிபெயர்ப்பு, ஒரு படம், அளவுகோல், அவ்வளவு போதும். அடித்துக் கொடுக்கிறவர் கணினியில் எழுத்துரு மாறி 'ணை', 'னோ' எல்லாம் கட்டமாகிவிடும், படமாக மாற்றிக் கொடுங்கள்.